பதினொரு மணிப் பசியும் பிண்டோஸ் மலைச் சாலையும்

வாசகர் கடிதம்

திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 61 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 66. பதினாறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் கலவை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். பதினான்கு மாதங்களுக்கு முன் நெஞ்சுவலி வந்து, ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன், அக்டோபர் முதல் வாரத்தில் பெற்றோரைக் கிரேக்க நாட்டுக்கு அழைத்துப்போகத் திட்டமிட்டிருக்கிறார். தெஸ்ஸலோனிகியில் இறங்கிக் கார் வாடகைக்கு எடுத்து, பிண்டோஸ் மலைத்தொடரில் மெட்சோவோ, ஸாகோரி கிராமங்கள், விகோஸ் பள்ளத்தாக்கு, பிறகு பாறை உச்சிகளில் மடங்கள் இருக்கும் மெட்டியோரா, கடைசியாகக் கடலோரத்துப் பிலியோன் மலை என்று எட்டு நாளில் ஆறு விடுதிகள்.

ஸ்டென்ட் வைத்தவரை மலைக்கு அழைத்துப்போகக் கூடாது, அங்கே காற்று மெலிந்திருக்கும் என்று உறவினர் ஒருவர் அவரைப் பயமுறுத்தியிருக்கிறார். சகோதரிக்கோ வளைவுச் சாலை என்றாலே வாந்தி. அதனால் பயண நாட்களில் பட்டினி கிடந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வாந்திக்கு ஓண்டான்செட்ரான் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கண் நீரழுத்த நோய்க்காக (கிளாகோமா) தான் இரவில் சொட்டு மருந்து விட்டுக்கொள்வதையும் சகோதரி குறிப்பிட்டிருக்கிறார். கணவரோ பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு, நாற்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன், பாதித் தூரம் நான்தான் ஓட்டுவேன் என்கிறாராம். "நீங்கள் வேண்டாம் என்று எழுதினால் அவர் கேட்டுக்கொள்வார். போகலாமா, வேண்டாமா?" என்று முடிக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

போய் வாருங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதத்தின் கடைசிவரை உங்களைத் தவிக்கவைக்க எனக்கு மனமில்லை. ஆனால் மகன் போட்டிருக்கும் திட்டப்படி இல்லாமல், கொஞ்சம் மாற்றிப் போக வேண்டும். புறப்படுவதற்கு முன் செய்துமுடிக்க வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது.

நீங்கள் மலையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். நான் பயந்தது வேறு ஒரு வரிக்கு. "மதியச் சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால் பதினொரு மணிக்கே அவருக்குக் கோபம் வந்துவிடும், சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும், சொன்னதையே திரும்பச் சொல்வார், சாப்பிட்டதும் சரியாகிவிடும், பசி தாங்காத சுபாவம்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இது சுபாவமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, சகோதரி. காலையில் போட்ட கலவை இன்சுலின் வேலை செய்துகொண்டிருக்கும் நேரத்தில் சாப்பாடு வராததால், இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அவர் மெட்டோபுரோலால் வேறு சாப்பிடுகிறார். இதயத்துக்கு அது நல்ல மருந்து. ஆனால் சர்க்கரை இறங்கும்போது உடல் தரும் எச்சரிக்கைகளில் கை நடுக்கத்தையும் படபடப்பையும் அது அமுக்கிவிடும். மிஞ்சுவது வியர்வை மட்டும்தான். நீங்கள் பார்த்திருப்பதும் அதைத்தான்.

ஆகவே டிக்கெட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நாளையிலிருந்து இரண்டு வாரம் காலை பதினொரு மணிக்கும், வியர்க்கும்போதெல்லாமும் குளுக்கோமீட்டரில் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே ஒரு முறை வந்தாலும் அதை எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். காலை இன்சுலின் அளவைக் குறைக்கலாம், வேறு வகை இன்சுலினுக்கு மாற்றலாம், இடையில் சிற்றுண்டி ஒன்றைச் சேர்க்கலாம். அதை அவர் முடிவு செய்யட்டும். நீங்களாகவே அளவைக் குறைக்கவோ ஊசியை விடவோ வேண்டாம்.

உயரத்தைப் பற்றி

உங்கள் உறவினர் சொன்னது முழுப் பொய் அல்ல, இடம்தான் தவறு. காற்று மெலிந்து உடலைத் தொந்தரவு செய்வது பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் தொடங்குகிறது. லடாக்குக்குப் போகிறோம் என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும். மெட்சோவோ ஊர் சுமார் 1,150 மீட்டரில் இருக்கிறது. ஸாகோரியிலேயே உயரமான கிராமம் விராதெட்டோ. அது 1,340 மீட்டர். மெட்சோவோவுக்குக் கிழக்கே உள்ள பழைய கட்டாரா கணவாய்கூடச் சுமார் 1,700 மீட்டர்தான். கடந்த மே மாதம் நீங்கள் இருவரும் மூன்று நாள் தங்கி வந்த கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். அங்கே ஏரியைச் சுற்றி அவர் மூச்சு வாங்காமல் நடந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஜெர்மனி போகும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்து மலையில் இருப்பதற்குச் சமம். மகன் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே உங்கள் கணவர் மெட்சோவோவைவிட உயரமான மலை ஒன்றில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

இதயத்தைப் பொறுத்தவரை உயரத்தைவிட ஏற்றம்தான் கணக்கு. பாபிங்கோவிலிருந்து டிராகன் ஏரிக்கு நடந்து போவதாக மகனின் திட்டத்தில் ஒரு நாள் இருக்கிறது. பாபிங்கோ ஏறக்குறைய ஆயிரம் மீட்டரில் இருக்கிறது, ஏரி 2,050 மீட்டரில். கரடுமுரடான பாதையில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, அன்றைக்கே இறங்க வேண்டும். மோனோதென்த்ரியிலிருந்து விகோஸ் பள்ளத்தாக்கின் அடிக்கு இறங்கி மறுபக்கம் ஏறுவதும் ஒரு நாள் வேலை. நடுவில் சாலை கிடையாது. இந்த இரண்டும் உங்கள் கணவருக்கு வேண்டாம். மகன் ஆசைப்பட்டால் ஒரு நாள் தனியாகப் போய் வரட்டும்.

அதற்காகப் பள்ளத்தாக்கைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை. மோனோதென்த்ரியின் ஓரத்தில் பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் அகியா பரஸ்கேவி மடத்துக்குக் கல் பாவிய பாதையில் சிறிது தூரம் நடந்தால் போதும். அதே ஊரிலிருந்து, அடுக்கி வைத்த தோசைகள்போலச் சிறு கற்பாறைகள் நிற்கும் காட்டு வழியே ஓக்சியா என்ற இடத்துக்குக் காரிலேயே போகலாம். வண்டியை விட்டு இறங்கிச் சில நிமிடம் நடந்தால் காலுக்குக் கீழே தொள்ளாயிரம் மீட்டர் ஆழம். அகலத்தோடு ஒப்பிட்டால் உலகிலேயே ஆழமான பள்ளத்தாக்கு என்று கின்னஸ் புத்தகம் இதைக் குறித்திருக்கிறது. கீப்பி ஊரைச் சுற்றியுள்ள கல் பாலங்களும் சாலையோரத்திலேயே இருக்கின்றன. கம்பியும் கான்கிரீட்டும் இல்லாத காலத்தில், வில்லாக வளைத்துக் கட்டிய பாலங்கள் அவை. வரலாற்று ஆசிரியரை அங்கே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

கிளம்புமுன் இதய மருத்துவரைப் பார்த்து, டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ள எளிய வழி ஒன்றும் உண்டு. இரண்டு மாடிப் படியை நிற்காமல், நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத் திணறலோ இல்லாமல் அவரால் ஏற முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் பயணத் தேதி வரும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஸ்டியரிங் யார் கையில்

இதில் நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசப்போகிறேன், அவர் பொறுத்துக்கொள்ளட்டும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி, நம் நாட்டு உரிமத்துக்கு வெளிநாட்டுக்காரர் படிக்கும்படியான ஒரு மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். அதை வாங்கும்போது அவருடைய பதினொரு மணிச் சர்க்கரையை யாரும் பார்க்கவில்லை.

இன்சுலின் போடுபவர்கள் கார் ஓட்டவே கூடாது என்பதில்லை. ஓட்டுவதற்கு முன்னும், ஓட்டும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும் சர்க்கரை பார்க்க வேண்டும். 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 70 ஒட்டி இறங்கிவிட்டால் வண்டியை நிறுத்தி, சர்க்கரை சாப்பிட்டு, அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். எண் சரியான பிறகும் மூளை முழுத் தெளிவுக்கு வர அந்த நேரம் ஆகும். ஆனால் இந்த விதிகளெல்லாம், சர்க்கரை இறங்குவது தனக்கே தெரிகிறவர்களுக்கு. உங்கள் கணவருக்கு அது தெரியவில்லை; தெரிந்தது உங்களுக்கு. இத்துடன் கிரேக்க நாட்டில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. நாற்பது வருட அனுபவம் முழுவதும் இடப்பக்கத்துக்கானது. அரிஸ்தியிலிருந்து பாபிங்கோவுக்குப் போகும் சாலை வோய்டோமாட்டிஸ் ஆற்றுக்கு இறங்கி, பாலம் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளாக மேலே ஏறுகிறது. ஒரு வளைவில் மாடு நிற்கும், அடுத்த வளைவில் எதிரே சுற்றுலா வேன் வரும். சில ஆண்டுகளுக்கு முன் நான் அந்த வழியில் போனபோது மூடுபனியில் ஓர் ஆட்டு மந்தை சாலையை நிறைத்து நின்றது. அங்கே ஒரு நொடிக் குழப்பத்துக்கு இடமில்லை.

ஆகவே இந்தப் பயணத்தில் மகன் மட்டும் ஓட்டட்டும். வேண்டாம் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டாம்; இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். மகன் ஒருவரே ஓட்டுவதால் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சாலையில் இருக்காதபடி திட்டத்தைச் சுருக்குங்கள்.

எப்படிச் சுருக்குவது? பிலியோனை விட்டுவிடுங்கள். கஷ்கொட்டைக் காடும் கடலும் சேர்ந்திருக்கும் அருமையான மலைதான் அது; ஆனால் அந்தக் குறுகிய வளைவுகளை ஒரே நாளில் அவசரமாகக் கடந்தால் உங்களுக்கு வாந்தி மட்டும்தான் நினைவில் நிற்கும். தெஸ்ஸலோனிகியில் இறங்கிய இரவு அங்கேயே தூங்குங்கள். மறுநாள் எக்னாட்டியா நெடுஞ்சாலை வழியாக மெட்சோவோ போய் இரண்டு இரவு. பிறகு ஸாகோரியில் ஒரே கிராமத்தில், ஒரே விடுதியில் மூன்று இரவு. நாற்பத்தாறு கிராமங்கள் அங்கே உண்டு; நாலைந்தைப் பார்த்தால் போதும். திரும்பும் வழியில் மெட்டியோராவுக்காகக் கலம்பாகாவில் ஓர் இரவு. கடைசி இரவு தெஸ்ஸலோனிகி.

உங்கள் வாந்தியைப் பற்றி

பட்டினி கிடப்பது தவறான வைத்தியம். காது உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு "நாம் ஆடுகிறோம்" என்கிறது. காருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண் "ஆடவில்லை" என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. வயிறு காலியாக இருப்பதால் இது நிற்காது. இன்னும் மோசமாகவும் ஆகலாம். புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன் எண்ணெய் இல்லாத லேசான உணவு, ஒரு ரொட்டித் துண்டோ இரண்டு பிஸ்கட்டோ, சாப்பிடுங்கள். காரில் கைபேசியைப் பார்க்க வேண்டாம். தூரத்து மலை முகட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

முன் இருக்கை உங்களுக்கு. எப்போதும் அவர்தான் முன்னால் உட்காருவார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த எட்டு நாள் அவர் பின்னால் காலை நீட்டி உட்காரட்டும்.

மெட்சோவோ போகும்போது எக்னாட்டியா நெடுஞ்சாலையை விட்டு இறங்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். 670 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலை 2009இல் முழுமையடைந்தது. பழைய கட்டாரா கணவாயின் வளைவுகளை அது சுரங்கப் பாதைகளால் தவிர்த்துவிடுகிறது. மெட்சோவோவிலிருந்து கலம்பாகா போகும்போதும் பனாயியா சந்திப்புவரை அதிலேயே போய்விட்டு அங்கே இறங்கினால் போதும். ஸாகோரிக்குள் மட்டும் வளைவைத் தவிர்க்க முடியாது. அங்கே அரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தச் சொல்லுங்கள். வோய்டோமாட்டிஸ் பாலத்தில் கட்டாயம் நிறுத்துங்கள். அவ்வளவு தெளிந்த நீரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. முகம் கழுவினால் பாதிக் குமட்டல் அங்கேயே போய்விடும்.

ஓண்டான்செட்ரானைப் பக்கத்து வீட்டுக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வயிற்றுக் கோளாறுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையின் வாந்திக்கும் அது நன்றாகக் கேட்கும். பயண வாந்திக்குக் கேட்பதில்லை. பயணத்துக்கென்றே இருப்பவை புரோமெத்தசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகள். அவற்றைப் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும்; தூக்கம் வரும். உங்களுக்கு ஒரு தடை இருக்கிறது. கண் நீரழுத்த நோயில் ஒரு வகையினருக்கு இந்த மாத்திரைகள் கண் அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடக்கூடும். உங்களுடையது எந்த வகை என்று கண் மருத்துவரிடம் கேட்டு, அவர் சரி என்றால் மட்டும் போடுங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டைக்கும் இதேதான். இஞ்சி மிட்டாய் ஓரளவு உதவும். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இன்சுலினும் சாப்பாட்டு நேரமும்

ஒரே ஒரு விதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: தட்டு மேசைக்கு வந்த பிறகுதான் ஊசி. நம் வீட்டில் ஊசி போட்ட அரை மணியில் இட்லி வந்துவிடும். கிரேக்க மலைக் கிராமத்தில் அப்படி இல்லை. இரவுச் சாப்பாடு எட்டரை, ஒன்பது மணிக்குத்தான் களைகட்டும். வார நாட்களில் சிற்றூர் உணவகம் பூட்டியே இருக்கலாம். ஏழு மணிக்கு விடுதியிலேயே ஊசி போட்டுக்கொண்டு கிளம்பினால், பூட்டிய கதவின் முன்னே சர்க்கரை இறங்கத் தொடங்கும். எப்போது பரிமாறுவார்கள் என்று பகலிலேயே விடுதிக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சைவம் என்பதால் ஓர் எச்சரிக்கை. "நிஸ்தீசிமோ" என்று கேட்டால் சைவம் கிடைக்கும் என்று மகன் சொல்லியிருக்கிறார். அது அவர்களுடைய நோன்புக் காலச் சாப்பாட்டின் பெயர். இறைச்சி, பால், முட்டை இருக்காது; ஆனால் இறாலும் கணவாயும் இருக்கலாம், நோன்பில் அவை அனுமதிக்கப்பட்டவை. இறைச்சியும் மீனும் கடல் உணவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். வெள்ளை பீன்ஸ் சூப்பும், எலுமிச்சை பிழிந்த வேகவைத்த கீரையும் உங்களுக்குப் பிடிக்கும். மெட்சோவோவும் ஸாகோரியும் இருக்கும் எபிரஸ் பகுதியின் பெருமை கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்துச் சுடும் பீட்டா. அதைப் பரோட்டாவாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், மாவு மாவுதான். தேன் ஊற்றிய தயிர் வரும்; தயிர் அவருக்கு நல்லது, தேனைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

விருந்தாளி வந்ததும் சிறு கண்ணாடிக் குவளையில் சிப்புரோ என்ற சாராயத்தை நீட்டுவது அவர்களுடைய அன்பு. இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றில் அதைக் குடித்தால் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில் சர்க்கரை இறங்கும். மார்பில் கை வைத்து வேண்டாம் என்று தலையசைத்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். மகனும் ஓட்டுகிற நாளில் தொடக் கூடாது.

சர்க்கரை இறங்கிவிட்டால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்தோ 150 மில்லி பழச்சாறாகவோ உடனே கொடுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. ஏறிய பிறகு ரொட்டியோ பிஸ்கட்டோ. அவசரத்துக்குப் பக்லாவா என்ற இனிப்போ சாக்லேட்டோ ஆகாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவர் நினைவிழந்துவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவசர உதவி எண்ணான 112ஐ அழையுங்கள்.

இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம். உறைந்த இன்சுலின் திரும்ப உருகினாலும் பயன்படாது. பூட்டிய காரில் வைத்துவிட்டுப் போகவும் கூடாது. அக்டோபரிலும் வெயிலில் நிற்கும் கார் அடுப்பாகிவிடும்.

மருந்துப் பெட்டி

இரண்டு மாத மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிரமம் பாராமல் மறுபடி உறையோடு வாங்குங்கள். மருந்தின் மூலப் பெயர் எழுதிய ஆங்கில மருந்துச் சீட்டு கூடவே இருக்கட்டும். உங்கள் மூட்டு வலி மாத்திரையில் கோடீன் கலந்திருப்பதாகப் பட்டியலிலிருந்து தெரிகிறது. ஐரோப்பாவில் அது கட்டுப்பாட்டுக்குரிய மருந்து. அதற்குப் பதிலாகப் பாராசிட்டமால் எடுத்துச் செல்லுங்கள். எல்லா மருந்தையும் இரண்டு பங்காக்கி, அவர் பையில் ஒன்று, உங்கள் பையில் ஒன்று வையுங்கள். ஸ்டென்ட்டுக்கான ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஒரு நாள்கூட விடுபடக் கூடாது. அவற்றில் ஒன்றை நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும். விடுதியில் மறந்து வைத்துவிட்டு வந்ததால் நிற்கக் கூடாது.

இங்கே ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். அதில் உங்களுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. விகோஸ் பள்ளத்தாக்கு மூலிகைக்குப் பேர்போனது. அங்கே பறித்த மூலிகைகளைக் கொண்டு ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தவர்களை விகோஸ் வைத்தியர்கள் என்று அழைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய அறிவு அது. பின்னாளில் அவர்களுக்கு வழங்கிய "கோம்போயானித்திஸ்" என்ற பெயர் இன்றைய கிரேக்க மொழியில் போலி மருத்துவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. எலும்பு முறிவையும் காயத்தையும் பார்க்க வேறு யாருமில்லாத மலையில் மக்களுக்குத் துணையாக நின்றவர்கள் அவர்கள்.

அந்த மூலிகைகள் இன்றும் கடைகளில் கட்டுக்கட்டாகத் தொங்கும். மலைத் தேநீர் என்று விற்பதை ஒரு குவளை குடிக்கலாம். வாசனை நன்றாக இருக்கும். ஆனால் "வால்சமோ" அல்லது "ஸ்பத்தோஹோர்ட்டோ" என்ற பெயரில் மஞ்சள் பூவுள்ள ஒரு மூலிகை, தேநீராகவும் சிவப்பு எண்ணெயாகவும் விற்கும். அதை அவர் குடிக்கவே கூடாது. கல்லீரல் மருந்துகளைக் கையாளும் விதத்தையே அது மாற்றிவிடும்; குளோபிடோக்ரெலின் வேகம் கூடி இரத்தக் கசிவு வரலாம், கொழுப்பு மாத்திரையின் பலன் குறையலாம். சர்க்கரைக்கு நல்லது என்று யார் எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், குடிக்க வேண்டாம்.

ஆபத்து வந்தால்

நெஞ்சில் இறுக்கம் வந்தால் அந்த இடத்திலேயே உட்காரவைத்து, நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையைக் கொடுங்கள். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 112. கிரேக்க ஆம்புலன்ஸ் சேவையின் நேரடி எண் 166. ஸாகோரிக்கு அருகில் பெரிய மருத்துவமனை யோவானினா நகரில் இருக்கும் பல்கலைக்கழக மருத்துவமனை. பாபிங்கோவிலிருந்து அங்கே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஸாகோரியில் மூன்று இரவு தங்க யோவானினாவுக்கு நெருக்கமான கீப்பி, மோனோதென்த்ரி பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். பாபிங்கோவைப் பகலில் போய்ப் பார்த்து வாருங்கள்.

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பதால், மகன் மலிவான ஒன்றை எடுத்துவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் சர்க்கரையும் ஸ்டென்ட்டும் சொல்லப்பட்டிருக்கின்றனவா? அவற்றை மறைத்து எடுத்த காப்பீடு, மாரடைப்புக்குப் பணம் தராது. கூடுதல் கட்டணம் ஆனாலும் பழைய நோய்களைச் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

சாலையோரத்தில் மந்தை தெரிந்தால் புகைப்படம் எடுக்க இறங்காதீர்கள். பிண்டோஸில் கரடியும் ஓநாயும் உண்டு. அவற்றை விரட்டவே வளர்க்கும் காவல் நாய்களுக்குச் சுற்றுலாப் பயணி யார், திருடன் யார் என்று தெரியாது.

வரலாற்று ஆசிரியருக்கு

டிராகன் ஏரியும் ஸ்டியரிங்கும் பறிபோனதில் அவர் மனம் சுருங்கிவிடக் கூடாது. ஸாகோரி கிராமங்கள் பலவற்றில், ஊருக்கு மேலே ஒரு காடு இருக்கும். அதில் மரம் வெட்டுபவரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாகச் சொல்லியே தலைமுறைகளாகக் காத்திருக்கிறார்கள். மண்சரிவிலிருந்து ஊரைக் காப்பது அந்தக் காடுதான். நம் கோயில் காடுகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்காது. 2023இல் யுனெஸ்கோ ஸாகோரியை உலக மரபுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மெட்டியோராவில் ஆறு மடங்களுக்கும் ஏற வேண்டாம். பெரிய மடத்துக்கு முந்நூறு படிகள் வரும். புனித ஸ்டீபன் மடத்துக்கு ஒரு சிறு பாலத்தின் மேல் நடந்து போனால் போதும், காட்சியில் குறைவில்லை. அங்கிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் திரிகலா என்ற சமவெளி நகரம். மருத்துவத்தின் தெய்வமாகக் கிரேக்கர்கள் வணங்கிய அஸ்கிலேபியஸின் கோயில்களில் மிகப் பழையது அங்கேதான் இருந்தது என்று பண்டைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். நேரம் இருந்தால் உங்கள் கணவரை அங்கே அழைத்துப்போங்கள்.

இதெல்லாம் அக்டோபருக்கு. இப்போதைக்கு அந்த நோட்டைத் தொடங்குங்கள். இரண்டு வாரத்துப் பதினொரு மணி எண்களையும், உங்கள் மருத்துவர் செய்த மாற்றத்தையும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, விமான நாளில் ஊசியை எந்த நேரத்தில் போடுவது என்று தனியாக எழுதி அனுப்புகிறேன்.